அர்ச்சகர் வேலைக்கு அமெரிக்கா: டூரிஸ்ட் விசாவில் போகலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு சிவன் கோயிலில் அர்ச்சகராக இருக்கிறேன். பாடசாலையில் ஆகமம் முறையாகப் படித்து தீட்சையும் வாங்கியவன். டெக்சாஸில் ஒரு கோயிலில் வரச்சொல்கிறார்கள். இங்கே இருக்கும் ஏஜென்ட், “முதலில் டூரிஸ்ட் விசாவில் போய்விடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லி மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டூரிஸ்ட் விசாவில் இறங்கி சம்பளத்துக்கு பூஜை செய்தால் அது அனுமதி இல்லாத வேலை. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், அதோடு விசா வாங்கும்போதே பொய் சொன்னீர்கள் என்று பதிவாகிவிட்டால் ஆயுளுக்கும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் போகலாம். ஏஜென்ட்டுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, பாஸ்போர்ட் உங்களுடையது.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஆர்-1 விசா இருக்கிறது. 1990-ல் வந்த குடியேற்றச் சட்டத்தில் உண்டான பிரிவு இது. கம்ப்யூட்டர்காரர்கள் அதிகம் போகும் எச்-1பி வேலை விசா மாதிரி குலுக்கல் இல்லை, வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: இதில் முதல் விண்ணப்பம் போடுவது நீங்கள் இல்லை, அந்தக் கோயில். ஐ-129 என்ற மனுவை அவர்கள்தான் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும், அது அங்கீகாரமானபிறகுதான் நீங்கள் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி சென்னை தூதரகத்துக்குப் போக வேண்டும். ஆகவே ஏஜென்ட்டை விட்டுவிட்டு டெக்சாஸுக்கு போன் போடுங்கள். கோயிலுக்கு அமெரிக்க வருமான வரித் துறையின் 501சி3 வரிவிலக்குக் கடிதம் இருக்கிறதா, இதற்கு முன் ஆர்-1-ல் யாரையாவது அழைத்திருக்கிறார்களா, குடியேற்றத் துறை அதிகாரிகள் கோயிலுக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த நேரடிச் சோதனையில் ஏற்கெனவே தேறிய கோயில் என்றால் கூடுதல் கட்டணம் கட்டி விரைவுப் பரிசீலனை கேட்கலாம். புதுக் கோயில் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். வாரம் சராசரி 20 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும், சம்பளமோ, தங்குமிடம் சாப்பாடோ எதைத் தருகிறார்கள் என்பதற்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் பக்கம் காட்ட வேண்டியது, மனு போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருஷமாவது நீங்கள் அதே சமயப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்திருக்கிறீர்கள் என்பது. அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் போதும், அந்த இரண்டு வருஷமும் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஆர்-1 கேட்பதில்லை. (கிரீன் கார்டுக்குப் போகும்போது அதையும் கேட்பார்கள்.) பாடசாலைச் சான்றிதழ், தீட்சை கொடுத்த ஆசாரியரின் கடிதம், இப்போது இருக்கும் கோயிலின் பணி நியமன ஆணை, கும்பாபிஷேகப் பத்திரிகையில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் அது எல்லாம் உதவும். மேரிலாந்தில் லான்ஹாம் சிவா விஷ்ணு கோயில் போல அங்கே பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் சிவன் சன்னதியும் பெருமாள் சன்னதியும் இருக்கும், சிவாச்சாரியாரும் பட்டாச்சாரியாரும் தனித்தனியாகத் தேவைப்படும். நீங்கள் எந்த ஆகமப்படி எந்தச் சன்னதியில் என்னென்ன கால பூஜை செய்யப் போகிறீர்கள் என்று கோயில் தன் கடிதத்தில் தெளிவாக எழுதட்டும். “கோயில் வேலை” என்று மொட்டையாக எழுதினால் சிக்கல்தான், ஏனென்றால் துப்புரவு, பராமரிப்பு, குமாஸ்தா வேலை, நிதி திரட்டுவது இவையெல்லாம் சமயப் பணி ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது.

அப்புறம், பெயர். நம் ஆட்களுக்கு இதில்தான் பாதி தலைவலி. சான்றிதழில் பெயருக்குப் பின்னால் சிவாச்சாரியார் என்று இருக்கும், ஆதாரில் வெறும் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மனுவிலும் போடச் சொல்லுங்கள், மற்ற தாள்களில் இருக்கும் பெயரும் உங்களுடையதுதான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். சென்னையில் நேர்காணல் தமிழிலேயே செய்யலாம், ஆங்கிலம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். பஞ்சகச்சம், குடுமியோடு தாராளமாகப் போகலாம். சம்பளம் எவ்வளவு, யார் தருகிறார்கள், எங்கே தங்குவீர்கள் என்று கேட்டால் மனுவில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும், அதனால் மனுவின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி ஒருமுறை யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மருமகன் ஆர்-1-ல் நியூ ஜெர்சி பக்கம் அர்ச்சகராக இருக்கிறார். வீடுகளுக்குப் போய் கிரகப்பிரவேசம், ஹோமம் செய்தால் தட்சிணை வாங்கலாமா? மகள் வேலைக்குப் போகலாமா? பாஸ்போர்ட்டை நிர்வாகி வாங்கி வைத்திருக்கிறாராம்.

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, நிர்வாகியாக இருந்தாலும் சரி, தர்மகர்த்தாவாக இருந்தாலும் சரி. இன்றே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். “பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான்” என்பார்கள், அதை ஏற்க வேண்டாம். தர மறுத்தாலோ, சொன்ன சம்பளம் வராமல் மிரட்டல் வந்தாலோ 1-888-373-7888 என்ற எண் அங்கே இருக்கிறது, ஆள்கடத்தல், கட்டாய உழைப்பு போன்றவற்றுக்கான உதவி எண், அழைக்கலாம். ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்தில், சாமி காரியம்தானே என்று பொறுத்துப்போகும் மனிதர்களை இப்படி அமுக்கி வைப்பதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

தட்சிணை விஷயத்தில் ஜாக்கிரதை. ஆர்-1 என்பது மனு போட்ட கோயிலில் மட்டும் வேலை செய்வதற்கான அனுமதி. வீட்டு வைபவங்களைக் கோயில் வழியாகப் பதிவு செய்து, பணத்தைக் கோயிலில் கட்டி, கோயில் அனுப்பி மருமகன் போய்வருவதுதான் பாதுகாப்பான வழி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கோயிலில் சம்பளத்துக்குப் பூஜை என்றால், அந்தக் கோயிலும் தனி மனு போட்டு அனுமதி வந்தபிறகுதான். கோயில் மாறினாலும் புது மனுதான். வேலை முடிந்துவிட்டால் பழைய கோயில் 14 நாளுக்குள் அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும், ஆகவே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே அடுத்த இடத்தை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஆர்-1 முதலில் 30 மாதம் வரை, பிறகு நீட்டிப்பு, மொத்தம் ஐந்து வருஷம்.

மகள், ஆர்-1-ல் இருப்பவரின் மனைவி, பிள்ளைகளுக்கான ஆர்-2 விசாவில் இருப்பார். வேலை பார்க்க முடியாது, படிக்கலாம்.

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஒரு சபையின் போதகர். அமெரிக்காவில் மூன்று ஊர்களில் தமிழ்ச் சபைகளில் கன்வென்ஷன் பேச அழைக்கிறார்கள். மூன்று வாரம்தான். எனக்கும் ஆர்-1 தேவையா?

பதில்: தேவையில்லை ஐயா, குறுகிய காலத்துக்குக் காரியமாகப் போய்வருவதற்கான பி-1 விசா போதும். எந்த ஒரு சபையிலும் பதவி ஏற்காமல் ஊர் ஊராகப் போய் பிரசங்கம் செய்பவருக்கு பி-1-ல் இடம் இருக்கிறது, கூட்டத்தில் எடுக்கும் காணிக்கையால் செலவைப் பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். அங்கிருந்து சம்பளம் வாங்கக் கூடாது. விண்ணப்பத்தில் “சுற்றிப் பார்க்க” என்று எழுதிவிட்டு பெட்டியில் கன்வென்ஷன் நோட்டீஸோடு இறங்குகிறவர்கள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் தேதி, ஊர், தங்குமிடம், செலவு யாருடையது என்று எழுதி வாங்கி அதையே நேர்காணலில் சொல்லுங்கள்.

கேள்வி: லண்டன் கோயிலுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அங்கே பூஜையை முன்னின்று நடத்தும் அர்ச்சகர் டி2 சமய ஊழியர் விசாவில்தான் போக வேண்டும், அதற்கு பி2 என்ற நிலையில் (ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் அளவுக்கு) ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத் தேர்வு கேட்காத தற்காலிக சமயப் பணியாளர் விசாவில் முன்பு பலர் போனார்கள், 2019-ல் அந்த வழியை அர்ச்சகர்களுக்கு அடைத்துவிட்டார்கள். ஆகவே லண்டன்தான் என்று முடிவு செய்தால் ஆங்கில வகுப்பில் இப்போதே சேருங்கள், பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது நான்கிலும் தேற வேண்டும்.