1940, 50களில் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன கிளப்பில் கால்பந்து ஆடியவரின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: கோடிகள் புரளாத அந்தக் காலத்தில் இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், எதை நம்பி ஆடினார்கள்? பொதுவாகச் சொன்னால் "கஷ்டப்பட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். ஜாக் ஸ்டீன். முழுப்பெயர் ஜான் ஸ்டீன், ஸ்காட்லாந்தில் ஜான்களை ஜாக் என்றும் கூப்பிடுவார்கள்.

கால்பந்து பார்ப்பவர்கள் இப்போதே கிளம்பிவிடுவீர்கள், "அவர் எங்கே சின்ன ஆள், 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கிய செல்டிக் அணியின் மேலாளர் ஆயிற்றே" என்று. அவரேதான். ஆனால் நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய ஆளைப் பற்றி. 1951 நவம்பரோடு அவர் கால்பந்தை விட்டிருந்தால் இன்று அவர் பெயர் ஓரிரு ஊர்களைத் தாண்டி யாருக்கும் தெரிந்திருக்காது, அப்போது அவருக்கு வயது 29. அதுவரைக்கும் அவருடைய கதை, அந்தக் காலத்தில் சின்ன கிளப்புகளில் ஆடிய நூற்றுக்கணக்கானவர்களின் கதையிலிருந்து பெரிதாக வேறுபடவே இல்லை. கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

1922 அக்டோபர் 5, லானார்க்ஷயரில் ஹாமில்டனை ஒட்டிய பர்ன்பாங்க் என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பக்கம் முழுக்க நிலக்கரி. பக்கத்து ஊர் பிளான்டயரில் 1877இல் நடந்த சுரங்க வெடிவிபத்தில் இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ஸ்காட்லாந்தின் மிக மோசமான சுரங்க விபத்து இன்றுவரை அதுதான். அந்த ஊர்களில் பையன்கள் பள்ளியை விட்டதும் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டீன் கொஞ்ச நாள் ஒரு கம்பளத் தொழிற்சாலையில் இருந்தார், அப்புறம் சுரங்கத்தில் இறங்கினார். மேலே வர பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கால்பந்து பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பிளான்டயர் விக்டோரியா என்ற 'ஜூனியர்' கிளப். இந்த ஜூனியர் என்ற சொல்லைப் பார்த்து நானும் முதலில் பள்ளிப் பையன்களின் அணி என்றுதான் நினைத்தேன். இல்லை, ஸ்காட்லாந்தில் ஜூனியர் என்றால் வயதில்லை, படிநிலை. பெரிய லீக்குக்குக் கீழே இருக்கும் அணிகள், அதில் மீசை நரைத்தவர்களும் ஆடுவார்கள். அங்கிருந்து 1942இல் கோட்பிரிட்ஜ் ஊரின் ஆல்பியன் ரோவர்ஸுக்குப் போனார்.

கோட்பிரிட்ஜ் கிளாஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கும் இரும்பு ஊர், உலைகளுக்குப் பேர்போனது. வேலை தேடி அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. ஆல்பியன் ரோவர்ஸ் 1882இல் இரண்டு உள்ளூர் கிளப்புகள் சேர்ந்து உருவானது. அதன் வரலாற்றிலேயே பெரிய நாள் 1920இல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனதுதான், அதிலும் கில்மார்னக்கிடம் 3-2 என்று தோற்றார்கள். தப்பித்தவறி எப்போதாவது மேலே எட்டிப்பார்க்கும், பெரும்பாலும் கீழேயே கிடக்கும். அப்படி ஒரு கிளப்.

அப்போது போர்க்காலம். லீக்கை நிறுத்திவிட்டுப் பிராந்தியப் போட்டிகளாக நடத்திக்கொண்டிருந்தார்கள். பல வீரர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், ஆனால் நிலக்கரி வெட்டுகிறவனைப் பட்டாளத்துக்கு எடுக்க மாட்டார்கள், நாட்டுக்குக் கரி வேண்டும். ஸ்டீனுக்கு வாய்ப்பு கிடைத்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1942 நவம்பரில் முதல் ஆட்டம், எதிரணி யார் தெரியுமா, செல்டிக். 4-4 என்று சமனில் முடிந்தது. அவர் ஆடியது தடுப்பில், சென்டர் ஹாஃப், அதாவது தடுப்பின் நடுவில் நிற்பவர். தடுப்பாட்டக்காரரின் முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கியது நல்ல சகுனமா கெட்ட சகுனமா, நீங்களே சொல்லுங்கள்.

வாரம் முழுக்க நிலத்துக்கு அடியில் வேலை, சனிக்கிழமை ஆட்டம். பிரிட்டன் சுரங்கங்களில் ஐந்து நாள் வாரம் வந்ததே 1947இல்தான், அரசு சுரங்கங்களைக் கையில் எடுத்த பிறகு. அதற்கு முன் சனிக்கிழமையும் வேலை நாள். அதாவது காலையில் ஷிப்ட் முடித்துவிட்டு மதியம் காலணி மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியவர்கள் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் நிறையப் பேர். கால்பந்துக் காசு வீட்டுச் செலவுக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். அடுப்பு எரிந்தது சுரங்கக் கூலியில்.

எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? அழகான ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. இடது கால் மட்டும்தான் வேலை செய்யும், வலது கால் நிற்பதற்கு. தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர். பந்து வசதியாக வராவிட்டால் முழங்காலால் எகிறவிடுவார், அது அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது. வேகம் பெரிதாக இல்லை, ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், பக்கத்தில் இருப்பவனை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பல வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1948இல் ஆல்பியன் ரோவர்ஸ் லீக்கின் இரண்டாம் அடுக்கான 'பி' பிரிவில் இரண்டாவது இடம் பிடித்து மேல் அடுக்கான 'ஏ' பிரிவுக்கு ஏறியது. ஊரே கொண்டாடியிருக்கும். அடுத்த வருடம் நடந்ததை எண்களாகவே தருகிறேன்: 30 ஆட்டம், 3 வெற்றி, 2 சமன், 25 தோல்வி. போட்ட கோல் 30, வாங்கிய கோல் 105. 16 அணிகளில் கடைசி. ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார்கள்.

இந்த 105 என்ற எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஆட்டத்துக்கு மூன்றரை கோல். அந்தத் தடுப்பின் நடுவில் நின்றவர், பதினெட்டு வருடம் கழித்து லிஸ்பனில் இத்தாலியின் புகழ்பெற்ற தடுப்பை உடைத்த அணியின் மேலாளர். திங்கள்கிழமை காலையில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கூட வேலை செய்பவர்கள் விட்டுவைத்திருப்பார்களா? "சனிக்கிழமை எத்தனைடா வாங்கினீங்க?" என்று கேட்காத ஆள் இருந்திருக்க மாட்டான். இது என் கற்பனைதான், ஆனால் சுரங்கத்து ஆட்களின் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சரி, பிடிக்கவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போகலாமே? இங்கேதான் அந்தக் காலத்து விதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவு கிளப்பின் கையில்தான் இருக்கும். அவர்கள் தரும் சம்பளத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றால் அவர்களும் சம்பளம் தர மாட்டார்கள், வேறு லீக் கிளப்பும் எடுக்க முடியாது. கொத்தடிமை மாதிரித்தான். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்டம் என்ற வீரர் வழக்குப் போட்டு 1963இல் தீர்ப்பு வந்த பிறகுதான் இந்தப் பிடி தளர ஆரம்பித்தது.

1950இல் ஸ்டீனுக்கும் ஆல்பியன் ரோவர்ஸுக்கும் சம்பள விஷயத்தில் ஒத்துவரவில்லை. அப்போது கை கொடுத்தது வேல்ஸில் இருக்கும் லனெல்லி என்ற கிளப். அது இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்குக்கு வெளியே இருந்த கிளப், அதனால் இந்தப் பதிவுப் பிடி அங்கே செல்லாது. வாரம் 12 பவுண்ட். சுரங்கத்தை விட்டு முழுநேர ஆட்டக்காரர் ஆனது அப்போதுதான், 27 வயதில். ஆட்டத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த முதல் இடம் சொந்த நாட்டில்கூட இல்லை, லீக்கிலேயே இல்லாத ஒரு வேல்ஸ் கிளப்.

அதுவும் நீடிக்கவில்லை. கிளப்பில் பணமுடை. அதற்குள் ஹாமில்டனில் அவர்களுடைய நகராட்சி வீட்டில் திருடன் புகுந்தான், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மனைவி ஜீன் ஊருக்குப் போய்விடலாம் என்றார். ஸ்டீனும் முடிவெடுத்துவிட்டார். கால்பந்து போதும், திரும்பச் சுரங்கத்துக்கே போய்விடலாம் என்று மேலாளரிடம் சொல்லப் போனால், அவரோ செல்டிக் உன்னைக் கேட்கிறது என்கிறார்.

செல்டிக்கில் ரிசர்வ் அணியை, அதாவது முதல் அணிக்கு அடுத்த அணியைப் பார்த்துக்கொண்ட ஜிம்மி கிரிபன் என்பவருக்கு இந்த ஆளை ஞாபகம் இருந்திருக்கிறது. ரிசர்வில் இருக்கும் சின்னப் பையன்களுக்கு நடுவில் அனுபவமான ஒருத்தர் வேண்டும், அதற்குத்தான். 1951 டிசம்பர், விலை 1,200 பவுண்ட். முதல் அணியில் ஆடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே முதல் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு அடிபட, இவரை இறக்கினார்கள், அதன்பின் வெளியே எடுக்கவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஸ்டீன் குடும்பம் புராட்டஸ்டன்ட். அப்பா ரேஞ்சர்ஸ் ரசிகர். கிளாஸ்கோ பக்கம் செல்டிக் என்றால் கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட், இது வெறும் விளையாட்டுப் பிரிவினை இல்லை, கல்யாணம் வரைக்கும் போகும் பிரிவினை. பர்ன்பாங்கில் சில பழைய நண்பர்கள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி அவர் பெரிதாகப் புலம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் வலிக்காமல் இருந்திருக்காது.

செல்டிக் காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது எங்கே தேடினாலும் கிடைக்கும். கேப்டனாக இருந்த ஷான் ஃபாலனுக்குக் கை முறிந்தது, துணைக் கேப்டனாக இருந்த ஸ்டீன் கேப்டன் ஆனார். (இதே ஃபாலன்தான் பின்னாளில் ஸ்டீனுக்கு உதவி மேலாளர்.) 1953இல் ராணி எலிசபெத்தின் முடிசூட்டை ஒட்டி நடந்த முடிசூட்டு விழாக் கோப்பை. லீக்கில் சொதப்பியிருந்த செல்டிக்கை அதில் சேர்த்ததே கூட்டம் வரும் என்பதற்காக என்று பேசிக்கொண்டார்கள். ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட், இறுதியில் ஹிபர்னியன் என்று வரிசையாக அடித்தார்கள். 1954இல் லீக்கும் கோப்பையும் ஒரே வருடத்தில், 1914க்குப் பிறகு முதல் தடவை. அந்த வருடம் கிளப் தன் வீரர்களை உலகக் கோப்பை பார்க்க சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போனது. அங்கே ஸ்காட்லாந்து உருகுவேயிடம் 7-0 என்று உதை வாங்கியது, ஹங்கேரி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. ஸ்டீனின் பிற்கால யோசனைகளுக்கு விதை அங்கே விழுந்தது என்பார்கள், நானும் நம்புகிறேன்.

1955இல் கணுக்காலில் அடி. சரியாகவே இல்லை. 1957 ஜனவரியில் ஆட்டத்தை நிறுத்தினார், கொஞ்சம் நொண்டல் கடைசிவரை இருந்தது. பிற்பாடு ஸ்காட்லாந்து அணிக்கே மேலாளர் ஆகி, 1985இல் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் முடிவில் சரிந்து இறந்துபோன இந்த மனிதர், வீரராக ஸ்காட்லாந்துக்கு ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன், எதை நம்பி ஆடினார்கள்? என் பதில், எதையும் நம்பி இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வெளிச்சத்தில் ஓடலாம், மற்ற நாள் இருட்டில் குனிந்து வேலை செய்ய வேண்டும், இந்த ஒரு வித்தியாசமே போதுமானதாக இருந்திருக்கும். "திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம்" என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். ஸ்டீன் விஷயத்தில் ஒரு திருடன், இரண்டு மூன்று பேருக்குப் பட்ட அடி, கிரிபனின் ஞாபகசக்தி, இத்தனையும் சேர வேண்டியிருந்தது. ஆல்பியன் ரோவர்ஸில் அவரோடு சேர்ந்து அந்த 105 கோலை வாங்கிய மற்ற பத்துப் பேரின் வீட்டில் யாரும் திருட வரவில்லை போல.

வேலைக்காகக் கிளாஸ்கோவில் இருந்த ஒரு குளிர்காலத்தில் கோட்பிரிட்ஜுக்குப் போய் ஆல்பியன் ரோவர்ஸின் கிளிஃப்டன்ஹில் மைதானத்தில் ஒரு ஆட்டம் பார்த்தேன். 1919இல் திறந்த மைதானம், 1936இல் ரேஞ்சர்ஸ் வந்தபோது 27 ஆயிரம் பேர் நெருக்கியடித்து நின்ற இடம், நான் போனபோது சில நூறு பேர் இருந்தாலே அதிகம். ஆடிய ஆட்டம் மறந்துவிட்டது, குளிர் மறக்கவில்லை. இறைச்சி அடைத்த 'பை' (pie) ஒன்றும் போவ்ரில் என்ற சூடான மாட்டிறைச்சிச் சாறும் வாங்கிக்கொண்டு, தடுப்பில் நின்று கத்திக்கொண்டிருந்த உயரமான பையன் ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2023இல் அந்த கிளப் தேசிய லீக்கிலிருந்தே கீழே இறங்கிவிட்டது. கிளாஸ்கோ பக்கம் போகிறவர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் ரயிலேறிப் போய்ப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.