உதறும் பழைய பிக்கப்: ஸ்டியரிங் பாக்ஸை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்க ஊருங்க. 2008 மாடல் பிக்கப் வெச்சிருக்கேன். முன்னாடி ஒரே துண்டான கட்டை ஆக்சில், பட்டை ஸ்பிரிங். பவர் ஸ்டியரிங் இல்லை. களத்துக்குத் தேங்காய், கொப்பரை ஏத்தறதுதான் வேலை. 50-ஐத் தாண்டினா ஸ்டியரிங் உதறுது. சின்னக் குழியில இறங்கிட்டா முன்பக்கமே ஆட ஆரம்பிச்சு, வண்டி நிக்கற அளவுக்கு மெதுவானாத்தான் அடங்குது. ஸ்டியரிங்ல சக்கரம் அசையாம ஸ்டியரிங் மட்டும் சும்மா ஆடற ப்ளே நாலு விரல் அளவு இருக்குது. இடது பக்கமும் இழுக்குது. ரெண்டு தடவை அலைன்மெண்ட் பண்ணியாச்சு. இப்ப ஸ்டியரிங் பாக்ஸை மாத்தச் சொல்றாங்க. மாத்திடலாமுங்களா?

பதில்: ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் அந்தப் பல் பெட்டியை, பாக்ஸை, இப்போதைக்குத் தொடாதீர்கள். குழியில் இறங்கியதும் ஆட ஆரம்பித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகே அடங்குகிறது என்றால் அது கட்டை ஆக்சில் வண்டிகளுக்கே உரிய கோளாறு. இரண்டு முன் சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் இருக்கின்றன, டை ராடு என்ற கம்பியும் அவற்றைப் பிணைத்திருக்கிறது. ஒரு சக்கரத்தில் எழுந்த உதறல் அடுத்ததற்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து வளர்ந்துகொண்டே போகும். ஜாயிண்டுகள் இறுக்கமாக இருந்தால் அது தானாகவே செத்துவிடும். எங்கோ தளர்வு இருப்பதால்தான் வளர்கிறது. அந்தத் தளர்வு பெரும்பாலும் ரோட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரை லோடு ஏற்றாதீர்கள், வேகமாகவும் போகாதீர்கள். திம்பம் போன்ற மலைப்பாதைக்கு இந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

டயரிலிருந்து தொடங்குங்கள், அதற்குச் செலவே இல்லை. ரிம்மின் உள்பக்கம் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தால் அதுவே 50, 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை உதற வைக்கும், சுரண்டி எடுங்கள். டயரைச் சுற்றவிட்டு நெளிவோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். மேல் ரப்பர் புதிதாக ஒட்டிய ரீட்ரெட் டயர் முன்னால் இருந்தால் பின்னுக்கு மாற்றுங்கள். முன் சக்கரத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்புறம் உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, தவறியிருக்கிறது. அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக ஆக்சில் முனையில் நிற்கும் பின்), வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், பேலன்சிங் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது ஜாக்கி வேலை. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக்கொடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். இப்போது சக்கரத்தை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் தளர்வு. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் அல்லது அதைச் சுற்றியுள்ள உறையான புஷ் தேய்ந்திருக்கிறது. உங்கள் வண்டியின் வயதையும் வேலையையும் பார்த்தால் கிங்பின்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் நான் சொன்னேன் என்பதற்காக மாற்றாதீர்கள், ஆட்டிப் பார்த்து மாற்றுங்கள்.

பிறகு வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, வண்டிக்குள் ஒருவரை உட்கார வைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டின் கிராஸ் ஜாயிண்ட், பாக்ஸ், அதிலிருந்து வெளியே வரும் கையான டிராப் ஆர்ம், அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க், டை ராடின் முனை ஜாயிண்டுகளான எண்டுகள் என்று வரிசையாக வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிற இடம்தான் உங்கள் நாலு விரல் ப்ளே. பல சமயம் அது ஓரிடத்தில் இருக்காது; நாலு ஜாயிண்டிலும் ஒவ்வொரு விரலாகப் பிரிந்து கிடக்கும். பாக்ஸே சேஸிஸில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். போல்ட் தளர்ந்தோ அந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டோ இருந்தால் புது பாக்ஸ் போட்டாலும் ப்ளே அப்படியே இருக்கும்.

பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாமல் நின்றால்தான் குற்றம் பாக்ஸுடையது. அப்போதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பாக்ஸின் மேல் லாக் நட்டோடு ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூ இருக்கும். சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கலாம். நேராக ஓடும் இடத்தில்தான் பல் அதிகம் தேய்ந்திருக்கும் என்பதால் அளவு மீறி முடுக்கினால் முழுசாக ஒடிக்கும்போது இறுகிவிடும், வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. முடுக்கியதும் முன் சக்கரங்களைத் தூக்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்துப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். சக்கரங்களைத் தூக்கிவிட்டு டிராக் லிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். கடினமாக இருந்தால் கிங்பின் வறண்டிருக்கிறது. சக்கரம் லேசாகத் திரும்பி, ஸ்டியரிங் மட்டும் கனத்தால் பாக்ஸையோ தண்டையோ பார்க்க வேண்டும்.

இழுப்புக்கு வருவோம். நம் ரோடுகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் போகும் வண்டி லேசாக இடதுக்குச் சாய்வது இயல்பு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து அடித்து வண்டியை இடதுக்குத் தள்ளும், திரும்பி வரும்போது வலதுக்குத் தள்ளும். போகும்போதும் வரும்போதும் இடதுக்கே இழுத்தால் வண்டியைப் பாருங்கள். முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். ஓட்டி நிறுத்தியதும் ஒரு டிரம் மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. கையை டிரம்மில் வைத்துவிடாமல் அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும்.

இரண்டும் இல்லையென்றால் டேப் எடுத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு மாறினால் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்தோ யூ போல்ட் தளர்ந்தோ ஆக்சில் நகர்ந்திருக்கலாம். லோடு வண்டியில் இது அரிதல்ல, பலர் பார்ப்பதும் இல்லை.

அலைன்மெண்ட் ஏன் நிற்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். இந்த வகை ஆக்சிலில் ஸ்பேனரால் மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். மற்ற கோணங்கள் ஆக்சிலோடு வந்தவை. கிங்பின்னும் எண்டும் ஆடும் வண்டிக்கு அலைன்மெண்ட் செய்தால் கடையில் காட்டிய அளவு ரோட்டில் இருக்காது. தேய்ந்த பாகங்களை மாற்றிய பிறகு, கடைசியாகச் செய்ய வேண்டியது அது.

கிங்பின் மாற்றுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கமெல்லாம் லாரி வேலையில் ஊறிய ஊர்கள். அங்கே இதைச் சுத்தமாகச் செய்யக்கூடிய கைகள் உண்டு. வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்து மூன்றைக் கவனியுங்கள். புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை, கிரீஸ் அடிக்கும் நிப்பிள் ஓட்டைக்கு நேராக இருக்க வேண்டும். புஷ் அடித்த பிறகு, துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் ஓட்டி அளவு எடுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நுழைப்பது கூடாது. புதுப் பின் ஆக்சில் துளையில் ஆடக்கூடாது. ஆடினால் துளையே தேய்ந்துவிட்டது. லேத்தில் கொடுத்துத் துளையைச் சரிசெய்யாமல் பின்னை மட்டும் மாற்றினால் பணம் வீண்.

இனி பராமரிப்பு. இந்த வண்டிக்கு கிரீஸ்தான் உயிர். உங்களைப் போல மண்ணில் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்த அன்றே ஒருமுறை அடித்துவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் ஜாயிண்டுக்குள் புகுந்துவிடும். கிங்பின்னுக்கு அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக்கூடாது. எடை இறங்கியிருந்தால் எடையைத் தாங்கும் கீழ்ப்பக்க த்ரஸ்ட் பேரிங்குக்கு கிரீஸ் சரியாகப் போகாது. பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஏறாத நிப்பிளைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள், விலை சொற்பம்.

டை ராடு எண்டு, டிராக் லிங்க் நட்டுகளில் காட்டர் பின் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பின் இல்லாமல் நட்டு கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. தேய்ந்த எண்டையோ வளைந்த டை ராடையோ டிராப் ஆர்மையோ வெல்டிங் வைத்தும் சூடுகாட்டி நிமிர்த்தியும் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள். அது வந்து சேரும் வரை வண்டி களத்திலேயே நிற்கட்டும்.