பூங்காவில் பெஞ்சை விட்டு எழுந்திருங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் பக்கம் குடியிருக்கிறோம். எனக்கு 38 வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சுகர் வந்தது, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. போன மாதம் பார்த்ததில் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1. என் கணவருக்கு 44 வயது, சில வருடங்களாக சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளை (9 வயது, 5 வயது) பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். அவர்கள் விளையாடுவார்கள், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்ப்போம். வீட்டில் துவைக்காத துணி குவிந்து கிடக்கிறது. அவர் மட்டும் கூட்டிப் போனால் போதாதா? இதில் எங்களுக்கு என்ன பலன்?

பதில்: துணி கிடக்கட்டும் அம்மா, நீங்களும் போங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அந்த வீட்டில் பூங்கா அதிகம் தேவைப்படுவது உங்களுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கர்ப்ப காலத்தில் சுகர் வந்து போனவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஹெச்பிஏ1சி 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில் இருந்தால் அது நோய்க்கு முந்தைய கட்டம். நீங்கள் இப்போது அங்கே இருக்கிறீர்கள். நம் குடும்பங்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கட்டத்திலிருந்து திரும்பி வர முடியும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடைப்பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைந்தது. நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற சாப்பாடு உள்ள மக்களிடம் பார்த்த முடிவு என்பதால் இதை நான் எல்லா நோயாளிகளிடமும் சொல்வேன்.

நீங்கள் மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்புகிறீர்கள் பாருங்கள், அது நல்ல நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணி, பருப்பு, மேசை நடுவில் பெரிய பாட்டில் குளிர்பானம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போல ஆகும்போது ரத்தத்தில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும். உங்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அதன் பேச்சைத் தசைகள் சரியாகக் கேட்பதில்லை. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் இறுகித் தளர்கின்றன. அப்படி வேலை செய்யும் தசை, இன்சுலின் வந்து சொல்வதற்குக் காத்திருக்காமல் தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதே ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பலன் கிடைக்காது.

ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது என்று கேட்பீர்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் இடத்தைச் சுற்றியே நடங்கள், பிள்ளை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் சுற்றும்போது இன்னொருவர் பிள்ளைகளோடு பந்து விளையாடலாம். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சு வர வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது; அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்றிருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே சின்னவனைத் துரத்திக்கொண்டு ஓடும் மூன்று நிமிடமும் கணக்கில் சேரும்.

ஞாயிறு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடக்கப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் பார்க்ரன் என்ற பொது ஓட்ட நிகழ்ச்சி நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நடந்தே முடிக்கலாம்.

மனசுக்கும் பலன் உண்டு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விசாரித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு மணி நேரமாவது பூங்கா, கடற்கரை, காடு என்று கழித்தவர்கள் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். ஆரோக்கியமானவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் இந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் உண்டு. இருந்தாலும் என்னிடம் வரும் தாய்மார்களைப் பார்த்து ஒன்று சொல்வேன்: வேலை, பள்ளிக்கூடம், மாமியார் மருந்து என்று ஓயாமல் கணக்குப் போடும் மூளைக்கு அந்த ஒரு மணி நேரம் கட்டாயம் வேண்டும். போன் கைப்பைக்குள் இருக்கட்டும். கணவரோடு சேர்ந்து ஒரு சுற்றாவது நடங்கள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் சண்டையில் முடிகிற பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது சுமுகமாக முடிவதைப் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன்.

ஒரே இடம் அலுத்துவிட்டால் எப்போதாவது டர்பன் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1849-ல் தொடங்கியது, நுழைவு இலவசம். உலகத்தில் ஆண் மரம் மட்டுமே மிஞ்சியிருக்கும் சைக்கட் (பார்க்கப் பனை போல இருக்கும் பழங்காலத் தாவரம்) இனம் ஒன்று அங்கே நிற்கிறது. 1895-ல் காட்டில் ஒரே ஒரு இடத்தில் கண்டெடுத்தது. பெரிய பிள்ளையை அதைத் தேடச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னாலேயே நடங்கள்.

இங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மத்தியான வெயிலில் போகாதீர்கள். சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடமாடிவிட்டு, நான்கு மணிக்கு மேல் கிளம்புங்கள். எப்போது போனாலும் ஆள் நடமாட்டம் உள்ள பூங்காவாக, வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

உங்கள் கணவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயமில்லை. கிளிக்ளசைடு, கிளிமிபிரைடு போன்றவை என்றால் நடக்கும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ அரை டம்ளர் பழச்சாறோ குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் நடையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். புல்லில் அவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சுகரால் கால் மரத்துப்போயிருந்தால் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு உங்கள் ஹெச்பிஏ1சியை மறுபடி பாருங்கள். அது குறைந்தாலும் குறையாவிட்டாலும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனையை விடாதீர்கள்.