வெளியேறும்போது கையோடு என்ன வரும்?

அன்புள்ள ஐயா,

எங்கள் மாவட்டத்துச் செடிகொடிகளை அடையாளம் காண ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் குழு நடத்திவந்தோம். விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், நாட்டு வைத்தியர்கள், ஒரு தாவரவியல் பேராசிரியர் என்று பலரும் இருந்தார்கள். வேலியோரம் பார்த்த பூவை யாராவது படம் எடுத்துப் போட்டால் இரவுக்குள் பெயர் வந்துவிடும். போன மாதம் ஒருநாள் காலையில் குழுவையே காணோம். நிர்வாகிகளின் கணக்குகளும் முடங்கிவிட்டன. 'விதிமீறல்' என்பதைத் தவிர ஒரு விளக்கமும் இல்லை. முறையிட்டும் பதில் வரவில்லை. ஆறு வருட உழைப்பு. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் சொந்தமாக சர்வர் (தளத்தை இயக்கும் கணினி) போடலாம் என்கிறான் என் அண்ணன் மகன். அங்கே நம் ஆட்கள் யாருமே இல்லையே என்று மற்றவர்கள் தயங்குகிறார்கள். இது நடக்கிற காரியமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

ஒரு செடிக்கு விவசாயி ஊர்ப்பெயர் சொல்கிறார், பேராசிரியர் அறிவியல் பெயர் தருகிறார், மூன்றாமவர் 'எங்க பக்கம் இதுக்கு வேற பேரு' என்று சேர்க்கிறார். இப்படி ஒரு பேச்சு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அது போய்விட்டது என்று படித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

தமிழ் இணையத்துக்கு இது முதல்முறை அல்ல. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று, மின்னஞ்சல் வழியாகப் பேசும் யாஹூ குழுமங்களில் ஒரு தலைமுறையே எழுதிப் பழகியது. 2019 அக்டோபரில் யாஹூ, குழுமங்களில் சேர்ந்திருப்பதையெல்லாம் அழிக்கப்போவதாக அறிவித்தது. எடுத்துக்கொள்ளக் கொடுத்த அவகாசம் சில மாதங்கள்தான். 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. 2019 ஏப்ரலில் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸும் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இடம் அவர்களுடையது, பூட்டும் உரிமையும் அவர்களுடையதாகத்தான் இருந்தது.

அதனால் ஒரு இடத்தில் குடியேறும் முன் நான் கேட்கிற முதல் கேள்வி, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதல்ல. நாளைக்கு வெளியேறினால் என்ன கையோடு வரும்? 2011 ஜனவரியில் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே செல்பேசி நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. அதுவரை எண் போய்விடுமே என்ற பயத்திலேயே மோசமான சேவையைப் பொறுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! சமூக ஊடகங்களில் நாம் இன்னும் அந்தப் பழைய நிலையில்தான் இருக்கிறோம். எலான் மஸ்க் வாங்கிய பிறகு, 2022 டிசம்பரில், மாஸ்டடான் முதலிய தளங்களில் இருக்கும் தங்கள் கணக்குக்கு யாரும் இணைப்பு தரக்கூடாது என்று ட்விட்டர் ஒரு விதியே போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் வாசலை அடைக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

வெளியேறும் உரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்பானிய விக்கிப்பீடியாவைச் சொல்வேன். 2002 தொடக்கத்தில் விக்கிப்பீடியா போமிஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. விளம்பரம் போடலாம் என்று பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. கட்டுரைகள் திறந்த உரிமத்தில் இருந்ததால் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, பிப்ரவரியில் செவில் பல்கலைக்கழகத்தின் சர்வரில் 'என்சிக்லோபீடியா லிப்ரே' என்று தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே வருடம் விக்கிப்பீடியா, வணிக நிறுவனங்களுக்கான டாட் காமிலிருந்து லாபநோக்கற்ற அமைப்புகள் வைத்துக்கொள்ளும் டாட் ஆர்க் முகவரிக்கு மாறியது. 2003ல் லாபநோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை வந்தது. விளம்பரம் இன்றுவரை இல்லை. பிரிந்துபோனவர்களின் களஞ்சியத்தைப் பிற்பாடு விக்கிப்பீடியா வெகுவாக முந்திவிட்டது என்பது உண்மை. ஆனாலும் விக்கிப்பீடியா இந்தத் திசையில் திரும்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, மாஸ்டடான். ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016ல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் சர்வர் நிறுவலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாக ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அந்த நெறிமுறையைத் தரநிலையாக ஏற்றது. சர்வர் மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் தானாகவே புதுக் கணக்குக்கு வந்துவிடுவார்கள். ஆனால் பழைய பதிவுகள் வராது, அவை பழைய சர்வரிலேயே இருக்கும். தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பின்தொடர்பவர்கள் வருவதற்கும் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். அது திடீரென்று நின்றுபோனால் இங்கேயும் உங்கள் கதைதான்.

உங்கள் நண்பர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2019 இறுதியில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து நிறையப் பேர் மாஸ்டடானுக்குப் போனார்கள். பலர் கொஞ்ச நாளிலேயே திரும்பிவிட்டார்கள். தனித்தனியாகப் போனால் அங்கே பேச ஆள் இருக்காது. நீங்கள் அப்படியல்ல, பேசிப் பழகிய குழுவாகப் போகிறீர்கள். ஐம்பது பேர் தினமும் வந்தாலே உங்கள் வேலை நடந்துவிடும்.

எனக்குக் கவலை ஆள்பலத்தைப் பற்றியதல்ல, உங்கள் அண்ணன் மகனைப் பற்றியது. சர்வரை நிறுவுவது ஒரு நாள் வேலை, அதைப் பார்த்துக்கொள்வது தினசரி வேலை. மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களையும் மாஸ்டடான் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அவ்வப்போது கழித்துவிடாவிட்டால் சேமிப்பு வட்டு நிரம்பி சர்வர் நின்றுவிடும். அப்புறம் மட்டுறுத்தல், அதாவது தகாத பதிவுகளையும் ஆட்களையும் கண்காணித்துத் தடுப்பது. 2019ல் கேப் என்ற வெறுப்புப் பேச்சுத் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது மற்ற சர்வர்கள் பெரும்பாலும் அதைத் தடைசெய்து ஒதுக்கின. எந்தத் தலைமையகமும் உத்தரவிடவில்லை, ஒவ்வொரு நிர்வாகியும் தானே முடிவெடுத்தார். அந்தப் பொறுப்பு இனி உங்களுக்கும் வரும். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால், உடம்புக்கு முடியாமல் போனால், யார் பார்ப்பது?

மாஸ்டடான் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களுக்குச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தினமும் காப்புநகல் எடுக்க வேண்டும். நிர்வாகியைத் தவிர இன்னொருவரிடமும் சர்வருக்குள் நுழையும் சாவி இருக்க வேண்டும். மூடுவதென்றால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். வெறுப்புப் பேச்சைக் கண்காணித்து நீக்க வேண்டும். இதைச் செய்ய மூன்று பேரும், வருடச் செலவுக்குச் சந்தா தர முப்பது பேரும் கிடைத்தால் சொந்த சர்வர் போடுங்கள். இல்லையென்றால் இப்படி ஒழுங்காக நடக்கிற ஒரு சர்வரில் எல்லோரும் கணக்குத் தொடங்குங்கள். நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஒன்றை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: மாஸ்டடானில் தனிச்செய்திகளை சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும்.

அதைவிட முக்கியம், பேச்சையும் சேகரத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பேச்சு மாஸ்டடானில் நடக்கட்டும், விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்தான் வசதி என்றால் அங்கேயும் நடக்கட்டும். ஆனால் பெயர் உறுதியான ஒவ்வொரு செடியும் படம், தேதி, இடம், ஊர்ப்பெயரோடு, உயிரினப் பதிவுகளைச் சேகரிக்கும் பொதுத் தளங்களான ஐநேச்சுரலிஸ்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ திறந்த உரிமத்தில் ஏறிவிட வேண்டும். ஏற்றியதை அங்கிருந்து தரவிறக்கவும் முடியும். அழியும் நிலையில் உள்ள செடிகளின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானே மறைத்துக் காட்டும். மருந்துச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போகிறவர்கள் உண்டு என்பது உங்கள் வைத்தியர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆறு வருட உழைப்பு முழுக்கப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படங்கள் எடுத்தவர்களின் செல்பேசிகளில் இன்னும் இருக்கும், தேதியோடு, பல சமயம் எடுத்த இடத்தோடு. இந்த வாரமே எல்லோரிடமும் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். எடுத்தவர் பெயரைக் குறித்துவைத்து, பொதுவில் வெளியிடச் சம்மதமா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு பேராசிரியரையும் மூத்த விவசாயிகளையும் சேர்த்து உட்காரவைத்து ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர்களைத் திரும்ப எழுதுங்கள். சம்மதக் கடிதத்தின் வாசகத்தை எழுதி அனுப்பினால் நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.