பிரேக்கப் ஆகி நாலு மாசம், ராத்திரி பூரா சோகப் பாட்டு: நிறுத்தணுமா, வேண்டாமா?

கேள்வி: பிரேக்கப் ஆகி நாலு மாசம் ஆச்சு. தினமும் படுத்ததும் ஹெட்ஃபோன் போட்டு சோகப் பாட்டா கேக்க ஆரம்பிச்சா தூங்க ரெண்டு மணி ஆயிடுது. சில நாள் அழுதா லேசாகுது, சில நாள் இன்னும் மோசமாகுது. இந்தப் பாட்டாலதான் நீ மீண்டு வரவே மாட்டேங்குற, எல்லாத்தையும் டெலீட் பண்ணுன்னு ஃப்ரெண்ட் சொல்றா. ஆனா அந்த பிளேலிஸ்ட்ல பாதி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட பாட்டு. நிறுத்தித்தான் ஆகணுமா? என் தம்பி வேற ஒரு பொண்ணை ஒருதலையா நினைச்சுக்கிட்டு இதே மாதிரி கேட்டுட்டு இருக்கான், அவனுக்கும் இதே பதில்தானா?

பதில்: டெலீட் பண்ண வேண்டாம். அதுக்காக உங்க ஃப்ரெண்ட் சொன்னதை ஒரேடியா தள்ளிடவும் வேண்டாம், அவங்க சொல்றதுல பாதி சரி. எந்தப் பாட்டு, எந்த நேரம், அது ஓடுறப்ப உங்க மனசு என்ன வேலை பாத்துட்டு இருக்கு, இந்த மூணும் தெரியாம யாரும் உங்களுக்கு கேளுங்கன்னோ கேக்காதீங்கன்னோ சொல்ல முடியாது.

அழுகை வர்றப்ப அழுகைப் பாட்டையே தேடிப் போறது கிறுக்குத்தனமோன்னு பல பேர் வெக்கப்படுறாங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. 2013ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு மனுஷரை இழந்தவங்க, அதாவது உறவு முறிஞ்ச மாதிரி இழப்புல இருக்கறவங்கதான் சோகமான இசையை அதிகம் விரும்பினாங்க, ஏதோ போட்டியில தோத்துட்ட மாதிரி ஆள் சம்பந்தப்படாத இழப்புல இருந்தவங்களுக்கு அந்த இழுப்பு அவ்வளவா இல்ல. ஆள் போன இடத்துல ஒரு ஆள் தேவைப்படுது, பாட்டு அந்த வேலையைப் பாக்குது. சோகமா இருக்கற ஒருத்தர் பேசுறதைக் கவனிங்க, மெதுவா பேசுவாங்க, குரல் தணிஞ்சிருக்கும், ஏத்த இறக்கம் கம்மியா இருக்கும், வார்த்தை முழுசா வெளிய வராது. சோகப் பாட்டோட மெட்டும் கிட்டத்தட்ட இதே லட்சணம்தான். அதான் நம்ம நிலைமை தெரிஞ்ச யாரோ ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. 2014ல டாருஃபி, கோல்ஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 772 பேர்கிட்ட கேட்டப்ப, சோக இசை கேக்குறப்ப அதிகமா வர்ற உணர்வுன்னு அவங்க சொன்னது சோகத்தை இல்ல, பழசை நினைச்சு ஏங்குற அந்த ஏக்கத்தைத்தான்.

அந்த ஏக்கம்தான் உங்க கேஸ்ல சிக்கலே. பிரிஞ்சு போனாலும் இன்னும் அந்த ஆளை காதலிக்கற 15 பேரை ஹெலன் ஃபிஷரோட குழு ஸ்கேனர்ல படுக்க வச்சு முன்னாள் காதலரோட போட்டோவைக் காட்டிப் பாத்தாங்க, 2010ல வெளிவந்த ஆய்வு அது. மூளையில வேலை செஞ்சதுல, போதைக்கு ஏங்குறப்ப வேலை செய்யற பகுதிகளும் இருந்துச்சு. அப்ப, அந்த முகத்தை ஞாபகப்படுத்துற எதுவா இருந்தாலும், போட்டோவோ பழைய மெசேஜோ பாட்டோ, அது ஆறுதல் சொல்ற சாக்குல ஏக்கத்தைக் கிளப்பி விட்டுட்டுப் போயிடலாம். வான் டென் டோல், எட்வர்ட்ஸ்னு ரெண்டு பேர் சோகத்துல இருக்கறவங்க எந்தக் காரணத்துக்காக சோகப் பாட்டைத் தேர்ந்தெடுக்கறாங்கன்னு ஆராய்ஞ்சாங்க. பாட்டு அழகா இருக்குன்னு எடுத்தவங்களுக்கு மனசு தேறுச்சு, பழைய ஞாபகத்துக்காக எடுத்தவங்களுக்கு அப்படித் தேறுறது கம்மியாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு சில நாள் லேசாகி சில நாள் மோசமாகுறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும், ரெண்டு ஜாதிப் பாட்டும் ஒரே பிளேலிஸ்ட்ல கலந்து கிடக்கு, ஷஃபிள் எதைப் போடுதோ அதைப் பொறுத்து உங்க ராத்திரி அமையுது.

அதனால முதல் வேலை பிரிக்கறது. ராத்திரியில பண்ணாதீங்க, பகல்ல, நல்லா சாப்பிட்டு தெம்பா இருக்கறப்ப பண்ணுங்க. ஒவ்வொரு பாட்டையும் முழுசா கேக்கத் தேவையில்ல, ஆரம்ப இசை பத்து செகண்ட் போதும். பல்லவி வர்றதுக்கு முன்னாடியே அவர் முகமோ, நீங்க ரெண்டு பேரும் போன பஸ்ஸோ, அவர் அந்த வரியைத் தப்பா பாடுனதோ கண்ணு முன்னாடி வந்துட்டா அது ஞாபகப் பாட்டு. முகம் எதுவும் வராம, அந்த வயலின் எழும்புற இடமோ பாடகர் மூச்சு விடுற இடமோ காதுல விழுந்தா அது வெறும் சோகப் பாட்டு, அதை வச்சுக்கலாம். ஞாபகப் பாட்டை வேற ஒரு லிஸ்ட்டுக்கு மாத்திடுங்க. அதுக்கு உடைஞ்ச ஹார்ட் எமோஜியெல்லாம் போடாம "பழசு 2"ன்னு சப்புன்னு ஒரு பேர் வைங்க. அழிக்க வேண்டாம்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஆத்திரத்துல அழிச்ச பாட்டை பதினோரு மணிக்குத் தேடிப் பிடிச்சுக் கேக்குறவங்கதான் அதிகம், தேடுறப்ப ஏக்கம் இன்னும் கூடும். ஒரு வருஷம் கழிச்சு அதுல பாதி சாதாரணப் பாட்டா ஆயிடும், அப்ப வேணும்னா எடுத்துக்கங்க.

வச்சுக்கிட்ட பாட்டை கேக்குறப்ப வரியைப் பிடிச்சுத் தொங்காம மெட்டுப் பக்கம் காதைத் திருப்பிப் பாருங்க. சினிமாவுல சோகத்துக்குன்னா சிவரஞ்சனி, சுபபந்துவராளி மாதிரி ராகங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பாங்க, அது எப்படி உள்ள இறங்குது, எந்த இடத்துல தபேலா நிக்குதுன்னு கவனிக்க ஆரம்பிச்சாலே நீங்க உங்க கதையில இருந்து ஒரு அடி வெளிய வந்துடுவீங்க. இது என் அபிப்பிராயம்தான், ஆனா அழகுக்காகக் கேட்டவங்களுக்கு மனசு தேறுச்சுங்கறதோட இது பொருந்துது.

அடுத்தது லூப். ஒரே பாட்டை ரெண்டு தடவை மூணு தடவை கேக்குறது தப்பில்ல. ஆனா நாலாவது தடவை ஓடுறப்ப உங்க மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு பாருங்க. "ஆமா, இப்படித்தான் வலிக்குது"ன்னு இருந்தா பாட்டு வேலை செய்யுது. "அன்னிக்கு நான் அந்த மெசேஜ் போடாம இருந்திருந்தா", "ஏன் அப்படிப் பண்ணாரு", "என்கிட்ட என்ன குறை"ன்னு விசாரணைக் கமிஷன் உக்காந்துடுச்சுன்னா பாட்டு வெறும் பின்னணி இசை, நீங்க கேஸ் நடத்திட்டு இருக்கீங்க. சாண்ட்ரா கரிடோ, எமெரி ஷூபர்ட்டோட ஆய்வுகள்ல, இப்படி நினைச்சதையே திரும்பத் திரும்ப அரைக்கற சுபாவம் உள்ளவங்க தாங்களே தேர்ந்தெடுத்த சோகப் பாட்டைக் கேட்டதும் அவங்க மனச்சோர்வு அதிகமாத்தான் ஆச்சு, அவங்கள்ல நிறைய பேர் பாட்டு உதவுதுன்னு நம்பிட்டு இருக்கறதுதான் கொடுமை. "ஏன்" வந்த உடனே ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு எழுந்திருங்க, பாட்டு முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

அழுகையைப் பத்தி கேட்டிருந்தீங்க. அழுது முடிச்ச உடனே எப்படி இருக்குன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. 2015ல ஒரு ஆய்வுல சோகப் படம் காட்டி, அழுதவங்க மனநிலையை உடனே ஒரு தடவை, 20 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை, 90 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை அளந்தாங்க. உடனே பாத்தப்ப இறங்கியிருந்துச்சு, 20 நிமிஷத்துல பழைய நிலைக்கு வந்துச்சு, 90 நிமிஷத்துல படம் பாக்குறதுக்கு முன்னாடி இருந்ததை விட நல்லாவே ஆயிடுச்சு. இப்ப உங்க டைம்டேபிளைப் பாருங்க, ஒரு மணிக்கு அழுது ரெண்டு மணிக்குத் தூங்குனா அந்த நல்லாகுற நேரம் உங்களுக்கு எங்க கிடைக்கும்? அதனால கேக்குறதை சாயங்காலத்துக்கு மாத்துங்க, ஆறு ஏழு மணிக்கு அரை மணி நேரம், அழுகை வந்தா அழுங்க, அப்புறம் முகம் கழுவிட்டு வேற வேலை இருக்கட்டும்.

படுக்கையில பாட்டே வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வரியில்லாம வெறும் இசையா கேட்டா பிரச்சனை இல்லன்னு நினைப்போம். மைக்கேல் ஸ்கல்லின் குழு 2021ல பண்ண ஆய்வுல தெரிஞ்ச பாட்டோட இசையை மட்டும் படுக்கறதுக்கு முன்னாடி போட்டப்பதான் பாட்டு மண்டையில ஒட்டிக்கிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கறது அதிகமாச்சு. விட்ட வரியை மூளை தானா நிரப்பப் பாக்குது போல. அப்படி ஒட்டிக்கிச்சுன்னா சூயிங் கம் மெல்லுங்க, சிரிக்காதீங்க, இங்கிலாந்துல இருக்கற ரீடிங் பல்கலைக்கழகத்துல 2015ல சோதிச்சுப் பாத்தது, ஒட்டிக்கிட்ட பாட்டு வர்றது குறையுதாம்.

சரி, அந்த சாயங்கால அரை மணி நேரத்துல என்ன வரிசையில கேக்குறது. 1940கள்ல ஐரா ஆல்ட்ஷுலர்னு ஒரு மனநல மருத்துவர் சொன்ன முறையை இசை சிகிச்சையில இன்னிக்கும் பயன்படுத்தறாங்க: ஆள் இப்ப எந்த மனநிலையில இருக்காரோ அதே இசையில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகத்திட்டுப் போறது. அழுதுட்டு இருக்கறவருக்கு எடுத்த எடுப்புல குத்துப்பாட்டு போட்டா எரிச்சல்தான் வரும். ஏழு பாட்டு வைங்க. முதல் ரெண்டு நல்லா அழ வைக்கறதா இருக்கட்டும். மூணாவது அதே மெதுவான பாட்டு, ஆனா காதலைப் பத்தி இல்லாம அம்மாவைப் பத்தியோ மழையைப் பத்தியோ இருக்கட்டும். நாலு, அஞ்சு கொஞ்சம் வேகம் கூடட்டும், தாளம் தெளிவா இருக்கட்டும், வரி புரியாத மொழியா இருந்தாலும் பரவாயில்ல. கடைசி ரெண்டு, அவர் உங்க வாழ்க்கையில வர்றதுக்கு முன்னாடி நீங்க கேட்ட பாட்டு, ஸ்கூல் காலத்துலயோ காலேஜ் முதல் வருஷத்துலயோ பைத்தியமா கேட்டது. பதின்ம வயசுல கேட்ட பாட்டு ஞாபகத்துல ரொம்ப அழுத்தமா உக்காந்திருக்கும், அவர் இல்லாமலேயே நீங்க ஒரு முழு ஆளா இருந்த காலத்தை அது காட்டும். இந்தக் கடைசி ரெண்டை மட்டும் யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க.

திட்டுற பாட்டு, "போனா போ" ரகம் கேக்கலாமான்னா, அளவா. 2018ல 24 பேரை வச்சு லாங்கெஸ்லாக், சான்செஸ் பண்ண ஆய்வுல முன்னாள் காதலரோட குறைகளை நினைச்சுப் பாத்தவங்களுக்கு காதல் உணர்வு குறைஞ்சுது, ஆனா மனசு கசந்து போச்சு. கவனத்தை வேற பக்கம் திருப்பினவங்களுக்கு மூடு நல்லாச்சு, காதல் அப்படியே இருந்துச்சு. அதனால அவருக்கு மெசேஜ் டைப் பண்ணி அனுப்பவா வேண்டாமான்னு விரல் துடிக்கறப்ப ஒரு திட்டுப் பாட்டு நல்லா உதவும், நாள் பூரா அதையே ஓட விட்டா கசப்புதான் மிஞ்சும்.

உங்க தம்பிக்கு பதில் வேற. பிரேக்கப்ல நடந்து முடிஞ்ச ஒரு கதை இருக்கு, துக்கப்பட ஒரு விஷயம் இருக்கு. ஒருதலைக் காதல்ல முடிவே வரல, அவன் மனசுல அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. சோகப் பாட்டு அவனைக் கெடுக்கறதை விட நம்பிக்கைப் பாட்டு கெடுக்கறதுதான் அதிகம். காத்திருந்தா வருவா, பின்னாடியே சுத்துனா ஒரு நாள் திரும்பிப் பாப்பா, இந்த மாதிரி பாட்டு நம்ம சினிமாவுல கொட்டிக் கிடக்கு, அதெல்லாம் கேட்டுட்டு அவ "வேண்டாம்"னு சொன்னதை "இப்போதைக்கு வேண்டாம்"னு புரிஞ்சுக்கற பசங்களை நிறையவே பாக்கலாம். அவன் பிளேலிஸ்ட்ல தூக்க வேண்டியது அதுங்களைத்தான். பேசவே இல்லாம மனசுக்குள்ள வச்சிருக்கான்னா ஒரு தடவை மரியாதையா கேட்டுடச் சொல்லுங்க, ஏற்கனவே கேட்டு அவ மாட்டேன்னு சொல்லிட்டான்னா அது முடிவு, அதுக்கு அப்புறம் அவனும் உங்களை மாதிரியே துக்கம் கொண்டாடலாம், அப்ப மேல சொன்னதெல்லாம் அவனுக்கும் பொருந்தும்.

ஒண்ணு மட்டும் ரெண்டு பேருமே கவனிங்க. ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் தூக்கமோ சாப்பாடோ சரியில்லாம, வேலை ஓடாம, முன்னாடி பிடிச்ச எதுவுமே பிடிக்காம இருந்தா அது பிளேலிஸ்ட் மாத்தி சரி பண்ற விஷயம் இல்ல, மனநல மருத்துவரையோ கவுன்சிலரையோ பாருங்க. உங்க தூக்கம் நாலு மாசமா இப்படின்னா பாட்டை நிறுத்திட்டு ஒரு வாரம் பாருங்க, அப்பவும் வரலைன்னா போயிடுங்க. செத்துடலாம்னு எண்ணம் வந்தா அன்னிக்கே, அந்த நேரத்துலயே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, ஹெல்ப்லைனுக்கு கூப்பிடுங்க, ராத்திரி பன்னெண்டு ஆனாலும் யோசிக்காதீங்க.

கடைசியா ஆப். நீங்க நிறுத்தினாலும் அது நிறுத்தாது, நாலு மாசம் கேட்ட கணக்குல சோகத்தையே பரிமாறிட்டு இருக்கும். ஸ்பாட்டிஃபைல அந்த ஒரு பிளேலிஸ்ட்டை மட்டும் டேஸ்ட் ப்ரொஃபைல்ல (உங்க ரசனை இதுன்னு ஆப் போட்டு வச்சிருக்கற கணக்கு) இருந்து விலக்கி வைக்க ஆப்ஷன் இருக்கு, யூடியூப்ல ஹிஸ்டரியை பாஸ் பண்ணலாம். சேர்ந்து போட்ட பிளேலிஸ்ட் இன்னும் ரெண்டு பேருக்கும் திறந்திருந்தா அவர் புதுசா ஒரு பாட்டு சேத்தா அது உங்களுக்குத் தெரியும், அப்புறம் அது யாருக்காகன்னு ராத்திரி பூரா ஆராய்ச்சி நடக்கும். பாட்டை உங்க லிஸ்ட்டுக்கு காப்பி பண்ணிட்டு அதுல இருந்து வெளிய வந்துடுங்க, பிளெண்ட், அதாவது ரெண்டு பேர் ரசனையையும் கலந்து ஸ்பாட்டிஃபை போட்டுத் தர்ற லிஸ்ட், இருந்தா அதுல இருந்தும். அவருக்கு சொல்லிட்டு வரணும்னு ஒரு அவசியமும் இல்ல.