டோம்பிவிலியில் சித்தி, அந்தேரியில் வேலை

கேள்வி: எனக்கு வயது 26. ஊர் பாளையங்கோட்டை. எம்.காம். முடித்து, சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்சி) படிப்பில் இன்டரும் பாஸ் செய்துவிட்டேன். ஃபைனல் இன்னும் எழுதவில்லை. இங்கே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 18,000 ரூபாய் சம்பளம். வீட்டுக்கு 6,000 கொடுத்து, என் செலவும் போக மாதம் 9,000 மிச்சமாகிறது. இப்போது மும்பை அந்தேரியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 42,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. "வாங்குறது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிரும், எதுக்கு அவ்வளவு தூரம்?" என்கிறார் அப்பா. "டோம்பிவிலியில சித்தி வீடு இருக்கே, அங்க தங்கிக்கிட்டா வாடகை மிச்சம்" என்கிறார் அம்மா. சித்தியும் ஆசையாக வரச் சொல்லிவிட்டார். போகலாமா, வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சித்தி வீட்டில் தங்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான். நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் அது மாறவில்லை.

முதலில் அப்பாவின் கணக்கு. அது சரியான கணக்கு, அவரோடு சண்டை போடாதீர்கள். 42,000 என்பது கைக்கு வருகிற தொகையா, சி.டி.சி.யா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவா) என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சி.டி.சி. என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் அதற்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கு பி.எஃப். தனியாகப் பிடிப்பார்கள். மகாராஷ்டிரத்தில் தொழில் வரி வருடத்துக்கு 2,500 ரூபாய். மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்கு அது கிடையாது, நீங்கள் அந்த வரம்பைத் தாண்டுகிறீர்கள். எல்லாம் போகக் கைக்கு 37,500 வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்தேரி கிழக்கில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறைக்கு 14,000, சாப்பாட்டுக்கு 6,500, போக்குவரத்துக்கு 1,500, போன், மருந்து, சோப்பு சீப்பு எல்லாம் சேர்த்து 4,000, ஊருக்குப் போய்வர எடுத்து வைக்க 1,500. மொத்தம் 27,500. மிச்சம் 10,000. அதிலிருந்து வீட்டுக்கு 6,000 அனுப்பினால் உங்கள் கையில் நிற்பது 4,000. பாளையங்கோட்டையில் நிற்பது 9,000. சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் சேமிப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. முதல் வருடம் இப்படித்தான் இருக்கும். பணம் சேர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் நீங்கள் போக வேண்டியதே இல்லை.

அப்பாவின் கணக்கில் விடுபட்டுப்போனது உங்கள் அடுத்த வேலை. பாளையங்கோட்டையில் இந்த ஆபீஸ் பிடிக்காமல் போனால், சி.எம்.ஏ. படித்த ஒருவரைத் தேடும் இடம் இன்னும் எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தேரியில் 1973-லிருந்து சீப்ஸ் ஏற்றுமதி மண்டலம் நடக்கிறது. அதைச் சுற்றியே எத்தனையோ கம்பெனிகள். ரிசர்வ் வங்கியின் தலைமையகம், பங்குச் சந்தை, துறைமுகம், பெரிய பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் எல்லாம் அந்த ஒரே ஊரில். மேலாளர் சரியில்லையா, சம்பளம் ஏறவில்லையா, தங்கியிருக்கும் அறையை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போகலாம். ஃபைனலும் முடித்துவிட்டால் உங்கள் சம்பளம் ஏறுகிற வேகத்துக்கு அறை வாடகை ஏறாது. அதனால் இரண்டு வருடம் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு போங்கள். அதற்குள் ஃபைனலை முடிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை வருவதால், இரண்டு வருடத்தில் நான்கு வாய்ப்பு.

ஃபைனலை மனதில் வைத்துத்தான் சித்தி வீட்டைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

டோம்பிவிலியிலிருந்து அந்தேரிக்கு நேர் ரயில் இல்லை. டோம்பிவிலி மத்திய ரயில்வே தடம், அந்தேரி மேற்கு ரயில்வே தடம். காலையில் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஸ்டேஷனில் லோக்கல், காட்கோபரில் இறங்கிப் படியேறி மெட்ரோ, அந்தேரியில் இறங்கி மறுபடி ஆட்டோவோ நடையோ. 2014-இல் காட்கோபர்-வெர்சோவா மெட்ரோ வருவதற்கு முன் தாதர் வரை போய் மாறவேண்டியிருந்தது, இப்போது எவ்வளவோ பரவாயில்லை. இருந்தும் வாசல் முதல் வாசல் வரை ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கலின் பெண்கள் பெட்டியில் நீங்களாக ஏற வேண்டியதில்லை, கூட்டமே ஏற்றிவிடும். பையை முதுகில் போட்டால் திட்டு விழும், முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். முன்னாலிருந்தே வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டு, அந்த இடத்துக்கு முன்பதிவு செய்துகொள்வது அங்கே வழக்கம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஓரத்தில் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். திரும்பும்போது பட்டாணி உரித்துக்கொண்டே வரும் பெண்களையும் பார்ப்பீர்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள், ஆயுதபூஜைக்குப் பெட்டியை அலங்கரிப்பார்கள். அந்தத் தோழமை உண்மையானது, எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் புத்தகத்தைத் திறக்கக் கை அசையாது.

ஆபத்தும் உண்டு. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் விழுந்தும் அடிபட்டும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி, டோம்பிவிலியிலிருந்து வரும் அதே தடத்தில் மும்ப்ரா அருகே, நிரம்பி வழிந்த ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் கீழே விழுந்து உயிரிழந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வாடகை மிச்சம் என்று வீட்டில் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

இப்போது ரூபாயில் பார்ப்போம். சித்தி வீட்டில் சும்மா தங்க உங்களுக்கு மனசு வராது, 6,000 கொடுப்பீர்கள். ரயில், மெட்ரோ, ஷேர் ஆட்டோ சேர்த்து 3,000. ஆக 9,000. அந்தேரியில் அறை, சாப்பாடு, போக்குவரத்து 22,000. வித்தியாசம் 13,000. பெரிய தொகைதான். நேரத்தை எடுத்துக்கொண்டால், டோம்பிவிலியிலிருந்து ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மாதம் 25 வேலை நாளுக்கு 100 மணி நேரம். பக்கத்தில் தங்கினால் போகவர ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 25 தான். அந்த 13,000 ரூபாய்க்கு மாதம் 75 மணி நேரம் உங்கள் கைக்குத் திரும்பி வருகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 173 ரூபாய். கைக்கு வரும் 37,500-ஐ 25 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால், கம்பெனி உங்கள் ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பது ஏறக்குறைய 187. படிக்கிற பெண் இந்த 75 மணி நேரத்தை விடக்கூடாது. இரண்டு வருடம் ரயிலில் நின்றுவிட்டு, ஃபைனலும் எழுதாமல், களைத்துப்போய் ஊர் திரும்பும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் மும்பையைத்தான் குறை சொல்வார்கள். பாதித் தவறு அவர்கள் தங்கிய தூரத்தில் இருந்தது.

சித்தி வீடு எத்தனை அறை என்றும் எழுதவில்லை. ஒன் ஆர்.கே. என்றால் ஓர் அறையும் சமையலறையும், அவ்வளவுதான். சித்தப்பா, பிள்ளைகள் எல்லாரும் படுக்கிற அதே ஹாலில் நீங்கள் இரவு பதினொன்றுக்கு லைட் போட்டுப் படிக்க முடியாது. பாசத்தோடு தொடங்குகிற ஏற்பாடு ஆறு மாதத்தில் முகம் சுளிப்பில் முடிந்தால் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

மழையையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளும் குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் நின்றுபோகலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. லட்சக்கணக்கானவர்கள் இரவு முழுக்க வீடு போய்ச் சேர முடியவில்லை. அவ்வளவு பெரிய மழை அடிக்கடி வராது. சாதாரண மழையிலேயே டோம்பிவிலிக்காரர்கள் காட்கோபர் நடைமேடையில் நிற்கும்போது, அந்தேரியில் தங்கியிருப்பவர் முழங்கால் நனைந்தாலும் வீட்டுக்கு நடந்துவிடுவார். அந்தத் தண்ணீரில் நடந்தால் கால் நன்றாகக் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் அங்கே நிஜமான தொல்லை.

அறை எப்படிப் பிடிப்பது? தனியாக ஃபிளாட் எடுக்க இப்போதைக்கு நினைக்காதீர்கள். 11 மாத ஒப்பந்தம், பெரிய டெபாசிட், தரகருக்கு ஒரு மாத வாடகை என்று கை காலியாகிவிடும். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கொடுக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஹவுசிங் சொசைட்டிகளும் உண்டு. அது அநியாயம்தான், ஆனால் முதல் மாதத்திலேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் வேலைக்குப் போகும் மகளிருக்கான விடுதிகளை விசாரியுங்கள். தமிழ்நாட்டில் தோழி விடுதி இருப்பதைப்போல, மத்திய அரசின் சகி நிவாஸ் திட்டத்தில் இயங்கும் விடுதிகள் உண்டு. பெருநகரங்களில் மாதம் 50,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் சேரலாம். இருவர் அறைக்கு வாடகை சம்பளத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. இடம் கிடைப்பது கஷ்டம், விண்ணப்பம் மட்டும் போட்டு வையுங்கள். அதுவரை பி.ஜி. ஊரிலிருந்து கிளம்பும்போது 60,000 ரூபாயாவது கையில் இருக்கட்டும். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, சம்பளம் வரும்வரை சாப்பாடு எல்லாம் அதில்தான். அது சேராமல் கிளம்பாதீர்கள். சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

மும்பை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது வாடகை மட்டும் இல்லை. கட்டிலும் பாதி அலமாரியும்தான் உங்கள் இடம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்காது. முதல் மூன்று மாதம் அழுகை வரும், அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கும், சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனிலிருந்து நாகர்கோவிலுக்கும் நேர் ரயில் இருக்கிறது. 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், பொங்கலுக்கு அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லுங்கள். இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து ஒரு பெண் தனியாக ரயிலேறி வீட்டுக்கு வருவதை அந்த ஊரில் யாரும் நின்று பார்ப்பதில்லை. அதே நேரத்தில் இன்னும் ஆயிரம் பெண்கள் ரயிலேறிக்கொண்டிருப்பார்கள். இரவில் பெண்கள் பெட்டியில் காவலுக்கு ஆள் இருப்பார். குற்றமே இல்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்ற கேள்வி இல்லாமல் 26 வயதில் இரண்டு வருடம் வாழ்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதற்கு விலை போட எனக்கு மனசு வரவில்லை.

தமிழுக்கும் குறை இருக்காது. மாட்டுங்காவில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் காபித்தூளும் கிடைக்கும், செம்பூர் சேடா நகரில் முருகன் கோயில் இருக்கிறது. தாராவிக்குப் போனால் உங்கள் ஊர்ப் பேச்சே காதில் விழும், திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக அங்கே உழைத்து வாழ்கிறார்கள். அதே சமயம் மராத்தியில் நாலு வார்த்தை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், காய்கறிக்காரரிடமே அதன் பலன் தெரியும்.

சித்தியிடம் நீங்களே போனில் பேசுங்கள், அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருக்கிறது சித்தி, ஆபீஸ் பக்கத்தில் தங்குகிறேன், மாதம் இரண்டு ஞாயிறு உங்கள் வீட்டில்தான் என்று சொல்லுங்கள். மும்பையில் இத்தனை வருடம் இருப்பவருக்குப் புரியாமல் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா பிளாக் இருக்கும், அதாவது பராமரிப்பு வேலைக்காகச் சில தடங்களில் ரயிலை நிறுத்துவார்கள்; எந்தத் தடம் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அறை பார்க்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் இரண்டு நாள் இருவரும் சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கதவுக்குப் பூட்டு, குளியலறையில் தண்ணீர் வரும் நேரம், இரவு எத்தனை மணிக்குக் கேட் மூடுவார்கள், டெபாசிட்டைத் திருப்பித் தரும் விதி, இதெல்லாம் அவரே கேட்கட்டும். ஆதார் நகல், வேலை உத்தரவு, நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துச் செல்லுங்கள். போலீஸ் சரிபார்ப்புப் படிவத்துக்கு பி.ஜி.காரர்கள் உடனே கேட்பார்கள்.