கோடு போட்டுக் கொடுத்த கை

கேள்வி: மனைவி எழுதின கவிதைக்கு கணவரே மெட்டு போட்டு, அது பெரிய மேடை ஏறினது உண்டா சார்? நான் கவிதை எழுதுவேன், வீட்டுக்காரர் கீபோர்டு வாசிப்பார், அதான் கேக்கறேன்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டும்மா. இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர், அவர் மனைவி ஆலிஸ். ஆலிஸ் பொறந்தது நம்ம குஜராத்துல இருக்கற புஜ்ல, அப்பா ராணுவத்துல மேஜர் ஜெனரல். 1886ல எல்கர்கிட்ட பாடம் கத்துக்க வந்தவங்க, அவரோ மியூசிக் கடைக்காரர் பையன், வயசுலயும் இவங்கதான் எட்டு வருஷம் மூத்தவங்க, சொந்தக்காரங்க யாருக்கும் பிடிக்கல, இருந்தும் 1889ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

கல்யாணத்துக்கு முன்னாடியே நாவல், கவிதைன்னு புஸ்தகம் போட்டவங்க அவங்க. அப்படிப்பட்டவங்க, காசு மிச்சமாகட்டும்னு வெறும் பேப்பர்ல அஞ்சஞ்சு கோடா இழுத்து அவர் நோட்ஸ் எழுத ரெடி பண்ணிக் குடுப்பாங்களாம், அத படிச்சப்ப எனக்கு மனசு என்னவோ பண்ணிடுச்சு.

நீங்க கேட்ட மாதிரி ஆலிஸ் எழுதின பாட்டு 'இன் ஹேவன்', அதாவது 'புகலிடத்துல'. 1897ல தனிப்பாட்டா மெட்டு போட்டார், அப்புறம் 1899ல 'ஸீ பிக்சர்ஸ்'னு அஞ்சு கடல் பாட்டு சேர்த்தப்ப இத ரெண்டாவதா வச்சார், இங்கிலாந்துல நார்விச் ஊர் இசை விழாவுல க்ளாரா பட்ங்கற பாடகி பாடினாங்க. மத்த நாலும் வேற கவிஞர்களோடது, அதுல எலிசபெத் பாரெட் பிரௌனிங்கும் உண்டு. அவ்வளவு பெரிய ஆள் பக்கத்துல பொண்டாட்டி கவிதைய தைரியமா வச்சிருக்கார் பாருங்க! மூணே மூணு சின்ன பத்திதான், வெளில புயல் அடிக்குது, உன் கைய இறுக்கிப் பிடிச்சுக்கறேன், அன்பு ஒன்னுதான் நிக்கும்னு ஒவ்வொரு பத்தியும் முடியும். அவரும் அதுல தன் வித்தைய காட்டாம சும்மா தாலாட்டு மாதிரி விட்டுட்டார், ரெண்டு நிமிஷம் போலத்தான் வரும். மத்த நாலு பாட்டவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

1920ல ஆலிஸ் போயிட்டாங்க. அதுக்கப்புறம் 14 வருஷம் இருந்தார், ஆனா முன்ன மாதிரி பெரிய படைப்பு எதையும் முடிக்கல.

1965ல ஜேனட் பேக்கர் பாடின ரெக்கார்டிங் கிடைக்கும், அந்த ரெண்டாவது பாட்ட முதல்ல போடுங்க, வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு.